இரவல் நாக்கு

மகோலா சந்தை, அக்ரா
4 செப்டம்பர் 2023

ஜிஃபாவுக்கு,

இனி எதுவானாலும் எழுத்தில்தான் பேசவேண்டும் என்று உன் வக்கீல் லார்டே எழுதியிருக்கிறார். ஃபோனில் என் எண்ணை அடைத்துவிட்டாய். நேரில் வந்தால், பெயரை எழுது, வந்த நோக்கத்தை எழுது என்று உன் கட்டடத்து வாசல்காரன் நோட்டை நீட்டுகிறான். சரி, எழுத்திலேயே வாங்கிக்கொள். உன் பார்சல்களைத் தூக்கிக்கொண்டு ஓடும் மோட்டார் சைக்கிள்காரனிடமே கொடுத்தனுப்புகிறேன். கூலி உன்னுடையது.

உன் துணிவாசல் இணையக் கடைக்காக அந்த வக்கீல் எழுதிய கடிதத்தை நம் வரிசையில் உரக்கப் படித்தோம். புளித்த சோள உருண்டை, அதுதான் கெங்கே, விற்கும் கோர்கோர் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்று கேட்டாள். "'மாமியார் ஊருக்குப் போனாள்' என்னும் துணிப் பெயர் துணிவாசல் நிறுவனத்தின் சொத்து. அதை இணையத்திலோ, கடைப் பலகையிலோ, வாய்மொழியாகவோ சொல்லி விற்கக் கூடாது." வாய்மொழியாகவோ!

"அப்போ எம் மாமியா திரும்பி வந்துட்டு மறுபடி ஊருக்குப் போனா நான் யார்கிட்டடி பர்மிஷன் வாங்கணும்?" என்றாள் கோர்கோர். மீன் வறுக்கிறவள்கூட அடுப்பை விட்டுவிட்டு வந்து சிரித்தாள்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். பக்கத்து முக்காலியில் நீ உட்கார்ந்திருந்தாய். ஆலையிலிருந்து வந்த துணிப் பேலைப் பிரித்தோம். நீலத்தில் காலி நாற்காலியும் துடைப்பமுமாக ஒரு டிசைன். மேலே ஒட்டியிருந்தது 4417 என்ற எண். அந்த நேரம் பார்த்து கோர்கோர் இடுப்பை ஆட்டிக்கொண்டு வந்தாள். மாதக்கணக்கில் வீட்டில் சட்டமாக உட்கார்ந்திருந்த கிழவியைக் காலையில்தான் கேப் கோஸ்ட் பஸ் ஏற்றிவிட்டாளாம். துணியைத் தூக்கிப் பிடித்து நான் கத்தினேன்: "இதோ பாருங்கடி, மாமியார் ஊருக்குப் போனாள்!" மதியத்துக்குள் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு பெண்கள் வந்துவிட்டார்கள். ஆலைக்காரன் நூலை நெய்தான், சாயம் போட்டான். துணியை விற்றது என் வாய்.

கிறிஸ்துமஸுக்கு எடுத்த பேல்கள் என் கடையில் கூரை வரை நிற்கின்றன. பெயர் இல்லாவிட்டால் அது வெறும் 4417. எண்ணைச் சொல்லித் துணி கேட்ட பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. இணையச் சந்தையில் இருந்த என் கடைப் பக்கத்தையும் உன் புகாரினால் மூடிவிட்டார்கள். நான் பெற்ற பெயரை நானே கூப்பிடக் கூடாது என்கிறாய். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள். வெட்கம் என்று ஒன்று மிச்சம் இருந்தால், சீக்கிரமாக.

அராபா


கிழக்கு லெகோன், அக்ரா
7 செப்டம்பர் 2023

மரியாதைக்குரிய அராபா அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கெங்கே வாசனையோடு கிடைத்தது. எங்கள் கோப்பில் வைத்திருக்கிறோம்.

விஷயம் எளிமையானது. துணிவாசலில் உங்கள் துணிகளைப் போடத் தொடங்கியபோது ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டீர்கள். கடையில் போடுவதற்காக நீங்கள் தந்த பெயர், வர்ணனை எல்லாம் நிறுவனத்துக்கு உரியவை என்று அதில் இருக்கிறது. படிக்காமல் போட்டேன் என்று சொல்வீர்கள். பேலைப் பிரிக்கும்போது ஒரு கஜம் குறைந்தாலும் ரசீதை வரி வரியாகப் படித்துக் காட்டி ஆலை மேலாளரை அழவைக்கிறவர் நீங்கள். படிக்க முடியாதவர் இல்லை. நான் நீட்டிய காகிதத்தைப் படிக்கும் அளவுக்கு என்னை மதிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதைத்தான் சொல்ல வருகிறேன். ஏழு வருடம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் ஃபோன், என் டேட்டா, என் கண். ஒவ்வொரு துணியையும் வெயிலில் விரித்துப் படம் எடுத்தேன். ஹூஸ்டனில் இருக்கும் வாடிக்கைக்காரி, லண்டனில் இருப்பவள், அவள் மகளுக்குக் கல்யாணம் என்றைக்கு என்பது வரை எனக்குத் தெரியும். வருகிறவர்களிடம் நீங்கள் என்னை எப்படி அறிமுகப்படுத்துவீர்கள்? "இது நம்ம பொண்ணு, ஃபோன் பாத்துக்கறா." மூன்று பிள்ளை பெற்றவள் நான். பொண்ணாம்.

இன்னொன்று. 'நான் பார்த்தேன், சொல்லவில்லை' என்ற துணியும் உங்கள் பிள்ளையா? வட்ட வட்டமாகக் கண் போட்ட அந்தப் பச்சைத் துணி வந்த அன்று, போதகர் ஐயா பூட்டிய கடையின் பின்கதவால் வெளியே வருவதைப் பார்த்தது நான். கீழிமையை விரலால் இழுத்துக் காட்டி, "நான் பாத்தேன், சொல்லலை" என்று உங்கள் காதில் சொன்னதும் நான். அடுத்த நிமிடம் துணியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துச் சந்தைக்கே கத்தியது நீங்கள். ஊரெல்லாம் "அராபா வச்ச பேரு" என்றது. அன்றைக்கு உங்களுக்கு வெட்கம் வந்ததா? என்னிடம் இப்போது கேட்கிறீர்கள்.

புகார் திரும்பப் பெறப்படாது.

இப்படிக்கு,
ஜிஃபா அகோட்டோ
நிர்வாக இயக்குநர், துணிவாசல்


மகோலா
11 செப்டம்பர் 2023

ஜிஃபா,

நிர்வாக இயக்குநரா! பேலுக்குப் பின்னால் தூங்கி வழிந்தபோது எந்த இயக்குநராக இருந்தாய்?

'நான் பார்த்தேன், சொல்லவில்லை' என்று நீதான் சொன்னாய். யார் இல்லை என்றது? நீ ஏழு வருடம் என் காதில் பேசியதை எல்லாம் அச்சடித்தால் அந்த இணையம் பூராவும் நிரம்பிவிடும். பிள்ளைக்குப் பல்வலி, புருஷனுக்குப் பொறாமை, வீட்டுக்காரன் வாடகை ஏற்றிவிட்டான். அதில் எது விற்றது? ஆயிரம் பேச்சில் எது துணிக்கு ஒட்டும் என்று காதில் விழுந்தவுடன் தெரியவேண்டும். தெரிந்த உடனே கத்தவேண்டும். நீ குசுகுசுவென்று சொன்னாய், நான் கத்தினேன். குசுகுசுப்புக்குச் சந்தையில் விலை கிடையாது. அதனால்தான் நீ சந்தையை விட்டுப் போய் ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டாய்.

கையெழுத்தைப் பற்றிப் பேசுகிறாய். அன்று நடந்ததையும் உன் கோப்பில் வைத்துக்கொள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையில் மிளகாய்ச் சாந்து. "அக்கா, இங்க ஒரு தடவ விரலால கீறுங்க, இல்லன்னா படம் ஏறாது" என்றாய். எண்ணெய் விரல் உன் ஃபோன் கண்ணாடியில் பதியவில்லை. நீ உன் இடுப்புத் துணி ஓரத்தால் என் விரலைத் துடைத்துவிட்டாய். தாய் பிள்ளைக்குத் துடைப்பதுபோல் ஒவ்வொரு கணுவாகத் துடைத்துவிட்டு, மறுபடி கீறச் சொன்னாய். அவ்வளவு பாசமாகத் துடைக்கிறாளே என்று நினைத்தேன். பிக்பாக்கெட் அடிக்கிறவன்கூட என் சட்டைப்பையைத் துடைத்துவிட்டு எடுத்ததில்லை.

ஆலை மேலாளரை அழவைத்த காகிதத்தை அந்நியன் நீட்டினான். படித்தேன். உன் காகிதத்தை நீ நீட்டினாய். படிக்கவில்லை. இதை மதிக்கவில்லை என்று எழுதுகிறாய் பார், இதற்குத்தான் உன்னை இனி மதிக்கப்போவதில்லை.

அராபா


மகோலா
2 அக்டோபர் 2023

ஜிஃபா,

நேற்று முழுக்க யோசித்தேன். உன் வக்கீலோடு வழக்காடினால் எனக்கு வாரத்தில் பாதி கோர்ட் பெஞ்சில் போகும். பேல்கள் அப்படியே நிற்கும். வியாபாரி நஷ்டத்தைப் பார்த்த இடத்தில் அழுதுகொண்டு நிற்கக் கூடாது, வெட்டிவிட்டு நடக்கவேண்டும்.

எடுத்துக்கொள். இதுவரை வைத்த பெயரெல்லாம் உனக்கு. இனி வைக்கப்போகும் பெயரும் உனக்கே. நான் கேட்பது இவ்வளவுதான். கிறிஸ்துமஸ் வரை 'மாமியார் ஊருக்குப் போனாள்' பேல்களை நான் பெயர் சொல்லி விற்றுக்கொள்ள விடு. அதோடு, நான் வைக்கும் புதுப் பெயர் எதுவானாலும் உன் கடையின் முதல் பக்கத்தில், ஓர் எழுத்துகூட மாற்றாமல் போடவேண்டும். பெயர் வெளியே தெரிந்தால்தான் என் வரிசையிலும் சரக்கு நகரும். ஏதாவது ஒரு பெயரை நீ வேண்டாம் என்று ஒதுக்கினால், எல்லாப் பெயரும் எனக்குத் திரும்பி வரும்.

தபால் நிலையத்து வாசலில் தட்டச்சு செய்கிறவனை வைத்து இதை அடித்து, கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை கையைக் கழுவிவிட்டுத்தான் போட்டேன். நீ துடைக்கவேண்டியதில்லை.

அராபா


கிழக்கு லெகோன்
5 அக்டோபர் 2023

அன்புள்ள அராபா அக்கா,

உங்கள் யோசனையை வக்கீலுக்குக் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, "அந்தம்மாவுக்கு வயசாயிடுச்சும்மா" என்றார். நாங்கள் கேட்டது பழைய பெயர்களை மட்டும். நீங்களாகவே வரப்போகும் பெயர்களையும் தூக்கித் தருகிறீர்கள். கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன்.

விற்கிற பெயரை நான் ஏன் ஒதுக்கப்போகிறேன்? அந்த வரி இருந்தாலும் எனக்கு ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். உங்கள் மனத் திருப்திக்காக இருக்கட்டும்.

சத்தியமாகச் சொல்கிறேன், நீங்கள் இன்னும் கொஞ்சம் போராடுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். ஏழு வருடம் நான் பயந்துகொண்டிருந்த பெண்மணி இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உப்பைக் குறையுங்கள்.

ஜிஃபா


மகோலா
20 நவம்பர் 2023

நிர்வாக இயக்குநர் அம்மாவுக்கு,

புதுச் சரக்கு இறங்கியிருக்கிறது. மஞ்சளில் நீள நீளமாகச் சிவப்பு இலை. இலை என்று ஆலைக்காரன் நினைத்திருக்கிறான். நுனி வளைந்து, நடுவில் கோடு ஓடி, ஈரமாகப் பளபளக்கிறது. பேலைப் பிரித்ததும் வரிசையே எட்டிப் பார்த்தது. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன்.

இந்தத் துணியின் பெயர்: இரவல் நாக்கு.

சொந்தமாக ஒரு சொல் முளைக்காத வாய்க்காரி, அடுத்தவள் நாக்கை வாங்கி வாயில் வைத்துக்கொண்டு, பிறகு நாக்குக்காரியையே பேசாதே என்று சொன்ன கதை. "யார் கத இது?" என்று கேட்கிறார்கள். நான் எந்தப் பெயரும் சொல்வதில்லை, சட்டம் தெரிந்தவள் ஆயிற்றே. கிழக்கு லெகோன் பக்கம் கொஞ்ச நேரம் பார்ப்பேன். "அய்யோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டு ஆறு கஜம் வெட்டச் சொல்கிறார்கள்.

ஒப்பந்தப்படி பெயர் உன்னுடையது. முதல் பக்கத்தில் போடு, ஓர் எழுத்துகூட மாற்றாமல். உன் பெயரும் நிறுவனத்தின் பெயரும் மேலே இருக்க, அதற்குக் கீழே பெரிதாக. போட மனம் இல்லையா? ஒதுக்கிவிடு. பழைய பெயரெல்லாம் என் வீட்டுக்கு நடந்து வந்துவிடும்.

உன் வக்கீலிடம் சொல், வயதான அம்மா விசாரித்தாள் என்று.

அராபா


கிழக்கு லெகோன்
4 டிசம்பர் 2023

அராபா அக்கா,

உங்கள் கடிதம் வந்த அன்று வக்கீல், "ஒதுக்கிடலாம்மா, மானம் பெருசு" என்றார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். பிறகு முகத்தைக் கழுவினேன். துணியை வரவழைத்தேன். ஒரே நாளில் தைக்கச் சொல்லி, நானே உடுத்திக்கொண்டு, இடுப்பில் கைவைத்து நின்று படம் எடுத்துப் போட்டேன். முதல் பக்கத்தில், ஓர் எழுத்துகூட மாற்றாமல். கீழே ஒரு வரி சேர்த்தேன்: "ஆமாம், என்னைத்தான் சொல்கிறார்கள்."

அக்கா, அந்தத் துணி பறக்கிறது. ஹூஸ்டனில் ஒரு சபைப் பெண்கள் சங்கம் முழுவதுக்கும் சீருடையாக எடுத்துவிட்டார்கள். அவர்களுக்கும் யாரையோ குத்திக்காட்டவேண்டியிருக்கிறதாம். நீங்கள் வாழ்க்கையில் வைத்த பெயர்களிலேயே இதுதான் சிறந்தது. ஆத்திரம் வந்தால் உங்கள் வாய் நன்றாக விளைகிறது. அடிக்கடி திட்டுங்கள்.

ஒரு சின்ன விஷயம். இந்தப் பெயர் என்னுடையது. கிறிஸ்துமஸ் வரையான அனுமதி மாமியார் துணிக்கு மட்டும்தான், நீங்கள் அடித்த காகிதத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. 'இரவல் நாக்கு' என்று உங்கள் கடையில் எவரும் உச்சரிக்கக் கூடாது. இன்று முதல் அதை எண் சொல்லி விற்றுக்கொள்ளுங்கள். வக்கீல் நோட்டீஸ் இத்துடன். அவர் ஆளை அனுப்பி நின்று கேட்கவும் வைப்பார்.

சந்தையிலேயே சிறந்த பெயர் உங்கள் வாயில் பிறந்தது. உங்கள் வாய்க்குள்ளேயே இருக்கட்டும்.

ஜிஃபா


மகோலா
11 டிசம்பர் 2023

ஜிஃபா,

துணியை நீயே கட்டிக்கொண்டு நின்றாய் என்று கேட்டதும் என்னை அறியாமல் கை தட்டினேன். உடனே நிறுத்திக்கொண்டேன். திருட்டில் தைரியம் இருந்தால் திருட்டு நல்லதாகிவிடாது.

உன் வக்கீல் அனுப்பிய ஆள் வந்தான். கறுப்புக் கால்சட்டை, கையில் ஃபோன், பதிவு செய்கிறானாம். கோர்கோரின் முக்காலியில் உட்காரவைத்தோம். காலையிலிருந்து கடை மூடும் வரை உட்கார்ந்திருந்தான். கெங்கே வாங்கித் தின்றான். அவன் ஃபோனில் என்ன விழுந்தது என்று கேட்டுப் பார். மீன் பொரியும் சத்தம் விழுந்திருக்கும்.

ஏனென்றால் யாரும் பெயரைச் சொல்லவில்லை. நோட்டீஸ் வந்த மறுநாள் குமாசியிலிருந்து மொத்தமாக எடுக்கிற ஒருத்தி வந்தாள். "அக்கா, அந்த..." என்று தொடங்கினாள். நான் உதட்டில் விரலை வைத்தேன். ஒரு கணம் விழித்தாள். பிறகு, பேரன் பேத்தி எடுத்த பெரிய மனுஷி, சந்தை நடுவில் நின்று நாக்கை முழு நீளத்துக்கு நீட்டினாள். நான் பேலை இறக்கினேன்.

அன்றிலிருந்து அப்படித்தான். வருகிறாள், நாக்கை நீட்டுகிறாள், வாங்கிக்கொண்டு போகிறாள். முன்பு துணி வாங்கமட்டும் வந்தவர்கள், இப்போது நாக்கை நீட்டவும் வருகிறார்கள். ட்ரோட்ரோ மினிபஸ்ஸில் போகிறவள் சன்னல் வழியே நாக்கை நீட்டிவிட்டு இரண்டு விரலைக் காட்டுகிறாள். இரண்டு பீஸ் எடுத்து வைக்கவேண்டும் என்று அர்த்தம்.

சரக்கு நன்றாக நகர்ந்ததும் மற்றத் துணிகளுக்கும் செய்துவிட்டோம். மாமியார் துணி வேண்டுமென்றால் இரண்டு உள்ளங்கையையும் தட்டித் தூசி உதறிவிட்டு பஸ் நிலையம் பக்கம் பார்க்கவேண்டும். கிறிஸ்துமஸுக்குப் பிறகும் உன் அனுமதி எனக்குத் தேவைப்படாது. பச்சைத் துணிக்குக் கீழிமையை விரலால் இழுத்துக் காட்டவேண்டும். ஆமாம், அது உன் பழக்கம்தான். அதையும் எடுத்துக்கொண்டேன். வழக்குப் போடு.

இன்னொரு செய்தி. இனி நான் பெயரே வைக்கப்போவதில்லை. ஜனவரியில் வருகிற துணிக்கும் சைகைதான். வரப்போகும் பெயரெல்லாம் உனக்குத்தான், எழுதித் தந்திருக்கிறேன், மாறமாட்டேன். ஆனால் பெயர் வராது. உன் கடையில் மேலே ஒரு தேடும் பெட்டி இருக்கிறதே, அதில் ஹூஸ்டன்காரி என்ன தட்டுவாள்? எண்ணையா? ஏழு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, எண்ணைச் சொல்லி எவளும் துணி கேட்டதில்லை.

உப்பைக் குறைத்துவிட்டேன். நன்றாக இருக்கிறேன்.

அராபா


கிழக்கு லெகோன்
14 டிசம்பர் 2023

அராபா அக்கா,

சைகையையும் அடையாளமாகப் பதிவு செய்யமுடியும் என்று வக்கீல் சொல்கிறார். அது பெயருக்குப் பதிலாகவே பயன்படுகிறது என்பதால், எங்களுக்குரிய பெயரின் மறுவடிவம் என்று வாதாட இடம் இருக்கிறதாம். விண்ணப்பத்தோடு வைக்கத் தெளிவான புகைப்படம் ஒன்று வேண்டும். நாக்கு எவ்வளவு வெளியே வரவேண்டும், எந்தப் பக்கம் வளையவேண்டும் என்பது தெரியும்படி. நாங்கள் ஆளை அனுப்பினால் அவன் எதிரில் யாரும் செய்வதில்லை, அல்லது எல்லாரும் அவனைப் பார்த்துச் செய்கிறார்கள், அவன் அழுதுகொண்டு வந்துவிடுகிறான்.

நீங்களே அனுப்பினால் இரு தரப்புக்கும் நேரம் மிச்சம்.

ஜனவரித் துணியைப் பற்றிப் பேச நான் நேரில் வரலாமா? வக்கீலுக்குத் தெரியவேண்டாம்.

ஜிஃபா


மகோலா
18 டிசம்பர் 2023

ஜிஃபா,

வரலாம். வாசல்காரன் கிடையாது, நோட்டு கிடையாது. வாடிக்கைக்காரர்கள் வருகிற வழியாக வா, எல்லாரையும்போல வெயிலில் நின்று உன் முறைக்குக் காத்திரு. என்ன வேண்டும் என்று நான் கேட்பேன். வாயால் கேட்கக் கூடாது, தெரியும் அல்லவா?

வக்கீல் கேட்ட புகைப்படத்தை இணைத்திருக்கிறேன். என்னை மட்டும் எடுத்தால் விண்ணப்பத்துக்குப் போதாது என்று நம் வரிசை முழுவதையும் நாக்கை நீட்டி நிற்கவைத்தேன். விஷயம் கேட்டு வெங்காய வரிசையும் வந்துவிட்டது, பிறகு செருப்பு வரிசை. முன்னால் குந்தியிருப்பது கோர்கோர், நடுவில் நான். கோர்கோருக்குப் பக்கத்தில் பல் இல்லாமல் நிற்கிறாளே, அவள்தான் அந்த மாமியார். கிறிஸ்துமஸுக்குத் திரும்பி வந்துவிட்டாள். நாக்கு எவ்வளவு வெளியே வரவேண்டும் என்று வக்கீல் கேட்டிருந்தார். அவளுடையதை அளவாக வைத்துக்கொள்ளட்டும்.

யாருடைய நாக்கு யாருக்குச் சொந்தம் என்று வக்கீல் குழம்பவேண்டாம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல். இந்தப் படத்தில் ஒன்றுகூட இரவல் இல்லை.

அராபா